வகை மயக்கம்: சயாம் ரயிலைச் சுற்றி நான்கு நாவல்களும் ஒரு பாட்டும்

அண்மையில் நான்கு நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972), ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005), ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபிளனகன் ஆங்கிலத்தில் எழுதி 2013இல் வெளியிட்டு அடுத்த ஆண்டு புக்கர் பரிசைப் பெற்ற நாவல் ஆகியவையே அவை. ஃபிளனகனின் நூற்பெயரை ‘ஆழ்வடக்கு நோக்கிய குறுகிய பாதை’ எனத் தமிழில் கூறலாம். முதல் மூன்றும் நமக்குப் புதியவை அல்ல. பல்லாண்டுகளாக வகுப்பறையில் எடுத்துப் பேசியவை. நான்காவது நூலை மட்டுமே முதன்முறையாகப் படித்தோம். ஆயினும் அதனைப் படித்து முடித்தபின், முன்னைய மூன்றையும் பற்றி நாம் கொண்டிருந்த கருத்தில் ஒரு பகுதி ஆட்டங்கண்டது. அதனை மறைக்காமல் எழுதிவைத்தல் தகும் எனக் கருதியே இதனை எழுதுகிறோம். இதனை ஆய்வுக் கட்டுரையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு வாசகரின் கணக்குத் தீர்ப்பாகக் கொண்டால் போதும்.

அக்கருத்து எது என்பதை முதலில் சொல்லிவிடுதல் நேர்மையாகும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், ‘புயலிலே ஒரு தோணி’ கலைப்படைப்பு என்றும், சயாம் ரயிலைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்டவை ஆவணங்கள் என்றும் நாம் வகுத்துக் கூறுவது வழக்கம். மாணவர்கள் அதனை அவ்வாறே குறித்துக்கொண்டனர், தேர்விலும் எழுதினர், நாமும் மதிப்பெண் வழங்கினோம். ‘ஆவணம்’ என்னும் சொல்லை மரியாதையாகத்தான் ஆண்டோம். எனினும் அச்சொல்லில் ஒரு தள்ளிவைப்பும் உண்டு என்பதை நாம் அறியாதவர் அல்லர்.

சிங்காரத்தைப் பற்றிய நமது மதிப்பீட்டில் இன்றும் மாற்றம் இல்லை. சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் சுமத்திரா சென்று, போருக்குப் பின் தமிழகம் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றி, 1997இல் மறைந்த அம்மனிதர் தம் வாழ்நாளில் எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் நூலானது. அடுத்த நாவல் எழுதி முடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பதிப்பாளரின்றிக் கிடந்து 1972இல்தான் வெளிவந்தது. தமிழில் அதற்கு முன் எவரும் கையாளாத ஓர் உரைநடை அந்நூலில் உண்டு. மெடான் நகரின் தெருவொன்றில் நடந்துகொண்டிருக்கும் பாண்டியனின் நினைவு, வாக்கியம் முடிவதற்குள் மதுரையின் வீதிகளுக்கும் சின்னமங்கலத்தின் சந்தைக்கும் சென்று திரும்பிவிடுகிறது. மலாய்ச் சொல்லும் டச்சுச் சொல்லும் வட்டிக்கடைத் தமிழும் தோள் உரசி நிற்கின்றன. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் அக்கடைகளின் படிநிலை முழுவதும் நம் கண்முன் எழுகிறது. கடற்பயணப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் அலைச்சலால் வயிறு புரளுவதை நாம் உணர்ந்திருக்கிறோம்.

இம்முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பாண்டியனும் அவன் நண்பர்களும் எந்நேரமும் கவிதையோடு இருக்கின்றனர். சங்கப் பாட்டும் சிலம்பும் தாயுமானவரும் அவர்களுடைய பேச்சில் மேற்கோளாகவும் கிண்டலாகவும் வந்துகொண்டேயிருக்கின்றன. பினாங்கில் அமர்ந்து தமிழனின் பழம்பெருமையை அவர்கள் கிழித்துப்போடும் உரையாடல் பலராலும் வியந்து பேசப்பட்டதாகும். பழம்பாட்டைப் பகடி செய்வதற்கும் அப்பாட்டை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்து, பின்னர் இந்தோனேசிய விடுதலைப் போராட்டக் களத்தில் மடியும் பாண்டியனுக்குத் தன் சாவுக்கும் ஓர் இலக்கிய உருவம் கொடுத்துக்கொள்ளும் வசதி இருந்தது. அவன் துறைமுகங்களின், கடைத்தெருக்களின் தமிழன். அதே ஆண்டுகளில் மலாயாவின் கித்தாத் தோட்டங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்நாவலின் மையம் அன்று. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த நாவலும் எல்லாரையும் ஏற்றிக்கொள்ளும் தோணி அன்று.

தோட்டங்களில் நடந்தது யாது என்பதை இளைய வாசகர்களுக்காகச் சுருங்கச் சொல்ல வேண்டியுள்ளது. 1942இல் மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்கு வந்தபின் ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில்தான் தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை அமைக்க ஆள் திரட்டத் தொடங்கினர். சில மாத வேலை, நல்ல கூலி என்னும் உறுதிமொழியை நம்பிச் சென்றவர் சிலர். பின்னர் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர் பலர். 1943 அக்டோபரில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டு, அவர்களுள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகையோ இரண்டு இலட்சம் அளவினது. மாண்டோர் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளருள் தமிழரே பெரும்பான்மையினர்.

இவ்விரு தொகைகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முதலாவது எண்ணப்பட்டது; இரண்டாவது மதிப்பிடப்பட்டது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்; கல்லுக்குக் கல் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைத்து நாட்குறிப்பு எழுதியோர் இருந்தனர். லயத்திலிருந்து சென்றவர்களுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943இன் நடுவில் வாந்திபேதி பரவித் தொழிலாளர் முகாம்கள் முழுமுழுதாக அழிந்தபோதுதான், சிங்கப்பூரிலிருந்த கைதிகளிடையே மருத்துவக் குழுவினரைப் பிரித்தெடுத்து ஜப்பானியர் அங்கு அனுப்பினர். ஆகவே அம்முகாம்களைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் செய்திகளிலும் ஒரு பகுதி வெள்ளைக்கார மருத்துவப் பணியாளர் கண்டு சொன்னவையே.

இதன் விளைவை உலகம் அறியும். பியர் பூல் 1952இல் பிரெஞ்சில் எழுதிய குவாய் ஆற்றுப் பாலக் கதையும், 1957இல் அதனைத் தழுவி வந்த திரைப்படமும் சயாம் ரயிலை வெள்ளை அதிகாரிகளின் மானப் பிரச்சினையாக மாற்றிவிட்டன. அப்படம் எடுக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கல என்பதை அறியும்போது ஒரு கசப்பான சிரிப்பு வராமற் போவதில்லை. தமிழர் வாழும் தீவொன்றில் அப்பாலத்தைக் கட்டினார்கள். தமிழர் மாண்ட கதைதான் அதில் இல்லை.

ஃபிளனகனின் நாவல் அத்தகைய எளிய நூல் அன்று. அவருடைய தந்தை அவ்விருப்புப்பாதையில் கைதியாக உழைத்து உயிர் மீண்டவர். நாவல் நிறைவுற்றதை மகன் தெரிவித்த அன்றே 98ஆம் வயதில் காலமானார். நாவலின் தலைவன் டோரிகோ எவன்ஸ் என்னும் அறுவை மருத்துவர். நோயாளிகளுள் இன்று யார் வேலைக்குப் போக வேண்டும் என ஒவ்வொரு காலையும் அவரே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அப்பகுதிகளைப் படித்துவிட்டு நாம் இரண்டு நாள் நூலை மூடிவைத்தோம். காதற்கதைப் பகுதி அவ்வளவு நம்பும்படியாக இல்லை என்பது நமது எண்ணம், அதனை விட்டுவிடலாம்.

நம்மை உலுக்கியது பிறிதோர் இடம். நூலின் பெயரே பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் பயண நூலிலிருந்து எடுக்கப்பட்டதாகும். முகாமை ஆளும் நகமுரா என்னும் அதிகாரியும், மனிதர் கழுத்தைக் கண்டால் வாள் வீசும் அளவைக் கண்ணாலேயே எடுத்துவிடும் கோட்டா என்னும் மேலதிகாரியும் இரவில் அமர்ந்து ஹைக்கூ பேசுகின்றனர். உண்மையாகவே நெகிழ்கின்றனர். அவர்கள் கவிதையைப் புரிந்துகொள்ளாதவர்கள் அல்லர், நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். கவிதை மனத்தைப் பண்படுத்தும் என நாமும் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். இனி அவ்வாறு பேசுமுன் இவ்விருவரும் நம் நினைவுக்கு வருவர். மறுபுறம் டோரிகோவுக்கும் ஒரு கவிதை இருக்கிறது. டென்னிசனின் ‘யுலிசீஸ்’ அவரோடு வாழ்நாள் முழுதும் வருகிறது. கொல்பவர் கையில் ஒரு கவிதை, காக்க முயல்பவர் கையில் ஒரு கவிதை. அப்பெருநாவலில் தமிழரும் வருகின்றனர். மலாயர், ஜாவானியர், பர்மியர் எனத் தொடரும் பட்டியலில் ஓர் இனப்பெயராக வருகின்றனர். பெயரும் முகமும் கொண்ட தமிழர் எவரும் நம் நினைவில் தங்கவில்லை. அவர்கள் என்ன பாடினார்கள் என்பதை ஃபிளனகன் அறிய வழியில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாம் அவருக்குச் சொல்லவில்லை.

இவ்வெண்ணத்தோடுதான் சண்முகத்தையும் ரெங்கசாமியையும் மீண்டும் எடுத்தோம்.

இரு நாவல்களிலும் குறைகள் உள்ளன. உரையாடல்கள் பல இடங்களில் பாத்திரத்தை விட்டு ஆசிரியரின் விளக்கவுரையாகிவிடுகின்றன. வரலாற்றுச் செய்தி கதையைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்து நிற்கிறது. துன்பம் அடுக்கப்படுகிறது, ஒன்றிலிருந்து மற்றொன்று வளர்வதில்லை. மழை, சேறு, புண், பேதி, பிணம், மீண்டும் மழை எனச் செல்லும் அவ்வோட்டத்தைத்தான் நாம் வகுப்பில் ‘கட்டுக்கோப்பின்மை’ என்றோம். சண்முகத்தின் மாயாவை ஃபிளனகனின் டோரிகோவோடு ஒப்பிட்டால், மாயாவுக்கு அகவாழ்வு போதவில்லை என்று இன்றும் எவரும் எளிதாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் ஒப்பிடும்போது மற்றொன்றையும் கேட்க வேண்டும். அகவாழ்வு என்று நாவலாசிரியர்கள் வழங்குவது பெரும்பாலும் தனிமையில் விளைவது. நாட்குறிப்பு, கடிதம், மனப்பாடமான கவிதை ஆகியவற்றால் ஆனது. கூட்டமாக வண்டியில் ஏற்றப்பட்டு, கூட்டமாகப் படுத்து, கூட்டமாக எரிக்கப்பட்டவர்களின் கதையில் அத்தகைய தனிமனத்தைப் புகுத்தினால் அது அழகாக இருக்கும், உண்மையாக இருக்குமா? 1930இல் பிறந்து, அந்த ஆட்சிக் காலத்தைச் சிறுவராக இருந்து கண்டவர் ரெங்கசாமி. ஆசிரியராகப் பணியாற்றியவர். சயாமிலிருந்து மீண்டவர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு தம் நாவலை எழுதினார். அவ்வாறு கேட்டவர் எவரும் அறிந்திருக்கக்கூடிய ஒன்று, மீண்டவர்கள் ‘நான்’ என்று சொல்வதினும் ‘நாங்க’ என்று சொல்வதே மிகுதி என்பதாகும். இம்முறை படித்தபோது, அந்நாவலின் அடுக்கல் நமக்குத் தளர்வாகத் தோன்றவில்லை. எங்கோ முன்பே கேட்ட ஓர் ஓசை அதில் இருந்தது. எங்கே கேட்டோம் என்பது சில நாட்களுக்குப் பின்னரே நினைவுக்கு வந்தது.

1990களின் பிற்பகுதியில், தோட்டப்புற நாட்டுப்பாடல்களைத் திரட்டிவருமாறு மாணவர்களுக்கு ஒப்படைப்பு வழங்கியிருந்தோம். மாணவி ஒருவர் தம் பாட்டியின் அண்டைவீட்டு மூதாட்டி பாடிய ஒரு பாட்டை ஒலிநாடாவில் பதிந்து, எழுத்திலும் பெயர்த்துக் கொண்டுவந்தார். மூதாட்டியின் கணவர் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. அவரோடு போன ஒருவர் மட்டும் திரும்பி வந்து, தாம் வேறு முகாமில் இருந்ததாகவும் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னாராம். அது மெய்தானோ, சொல்லத் துணியாமல் சொன்ன பொய்தானோ, அம்மூதாட்டிக்குக் கடைசிவரை தெரியவில்லை. பாட்டு ஒப்பாரியைப் போலத் தொடங்கியது. போனவனை உறவுமுறை சொல்லி விளித்தது. அவன் விட்டுச் சென்ற பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணியது. பால் வாளி, உளி, பெரட்டுக்குப் போட்டுச் செல்லும் சட்டை என. பின்னர் எவ்வித முன்னறிவிப்புமின்றித் தாலாட்டாக மாறியது. சில அடிகள் சென்றபின் மீண்டும் ஒப்பாரி. மீண்டும் தாலாட்டு. ஓரிடத்திலும் சாவு சொல்லப்படவில்லை.

நாம் அதனைப் பிழையான பதிவு என்று கருதினோம். மூதாட்டிக்கு நினைவு தவறி இரண்டு பாடல்கள் கலந்துவிட்டன எனவும், மாணவி அதனைக் கவனித்துப் பிரித்திருக்க வேண்டும் எனவும் வகுப்பிலேயே சொன்னதாக நினைவு. ஒப்பாரிக்குரிய இலக்கணம் நமக்குத் தெரிந்திருந்தது. இழவு வீடு வேண்டும், கிடத்தப்பட்ட உடல் வேண்டும், கட்டிப்பிடித்து அழக் கூடிய பெண்கள் வேண்டும், நாள் தெரிந்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத ஒருத்தி எவ்வாறு ஒப்பாரி வைப்பாள் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. கணவன் இறந்தான் என்று அவள் வாய்விட்டு அழுதால் பூவையும் பொட்டையும் தானே எடுத்துவிட்டவள் ஆவாள். இறக்கவில்லை என்று இருந்தால் அழவே முடியாது. லயத்தில் எல்லார் காதிலும் விழும்படி பாடினாலும் எவரும் தடுக்க முடியாத பாட்டு ஒன்றே ஒன்று இருந்தது. பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு. அவள் தன் ஒப்பாரியை அதற்குள் வைத்தாள். கலப்பு நினைவுப் பிழையால் வந்தது அன்று. அவளுடைய நிலைமைக்கு வேறு யாப்பு இல்லை.

இப்போது ரெங்கசாமியின் அடுக்கலுக்குத் திரும்புவோம். ஒப்பாரியும் அடுக்கலால் ஆனதுதானே? அது கதை சொல்வதில்லை. வளர்ச்சியும் உச்சமும் அதில் இல்லை. இழந்ததை எண்ணுகிறது, விளிக்கிறது, மீண்டும் முதலிலிருந்து எண்ணுகிறது. சயாம் நாவல்களை மேனாட்டு நாவலின் அளவுகோலால் அளந்து, முழு நாவலும் ஆகவில்லை, முழு வரலாறும் ஆகவில்லை என்று நாம் சொன்னபோது, அவை நெருங்கி நின்ற மற்றொரு வடிவத்தைக் காணத் தவறிவிட்டோம். இதனால் அவற்றின் எல்லாக் குறையும் நிறையாகிவிடும் என்று வாதிடவில்லை. செயற்கையான உரையாடல் செயற்கையானதே. ‘புயலிலே ஒரு தோணி’யின் ஒரு பக்கத்தில் உள்ள மொழிவளம் இவ்விரண்டிலும் சேர்ந்தும் இல்லை. ஆயினும் ‘கலை’, ‘ஆவணம்’ என்று நாம் இட்ட கோடு, எழுத்தறிவும் நூலறிவும் உடைய ஒரு பாத்திரத்தின் பக்கம் சாய்ந்தே இடப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. பாண்டியன் தாயுமானவரை மேற்கோள் காட்டும்போது நமக்கு இலக்கியமாகத் தெரிந்தது. பெயர் தெரியாத ஒருத்தி உளியையும் வாளியையும் எண்ணியபோது பதிவுப் பிழையாகத் தெரிந்தது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சண்முகமும் ரெங்கசாமியும் போனவர்களோடு போகிறார்கள். நாவலின் பாதை இருப்புப்பாதையின் பாதையாகவே இருக்கிறது, அது இயல்பே. ஆனால் அப்பாட்டு, தோட்டத்திலேயே இருந்துவிட்டவள் பாடியது. ஜப்பானியர் போன பிறகு, வெள்ளைக்காரத் துரை மீண்டும் வந்த பிறகு, அவசரகாலத்தில் வேலிக்குள் அடைக்கப்பட்ட பிறகும் அவள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது அவள் கணவன் இன்னும் சாகவில்லை, வரவும் இல்லை. அவளை நடுவில் வைத்து எழுதப்பட்ட நாவலை நாம் இதுவரை படித்ததில்லை. அது எழுதப்பட்டால் அதில் சயாம் ஓரிடத்திலும் வரத் தேவையில்லை என்றுகூடத் தோன்றுகிறது. அத்தகைய நூலை எழுதுவோர் அடுத்த தலைமுறையிலிருந்து வருவதாயின், அவருக்குச் சிங்காரத்தின் மொழிநடையும் ரெங்கசாமியின் காதும் ஒருங்கே தேவைப்படும்.

அம்மாணவி இன்று ஒரு தமிழ்ப்பள்ளியில் மூத்த ஆசிரியர். அண்மையில் அவரைத் தொடர்புகொண்டு அவ்வொலிநாடாவைப் பற்றிக் கேட்டோம். பூஞ்சணம் பிடித்துப் பயனற்றுப் போய்விட்டது என்றார். மூதாட்டி மறைந்து இருபது ஆண்டுகள் ஆகின்றனவாம். ஒப்படைப்புத் தாளை மட்டும் வைத்திருந்தார், நகலெடுத்து அனுப்பினார். பாட்டு முழுவதும் அதில் இருக்கிறது. தாலாட்டு தொடங்கும் அடிக்கு நேரே, ஓரத்தில், நமது கையெழுத்தில் ‘வகை மயக்கம்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிடப்பட்டுள்ளது. கீழே, நூற்றுக்கு 58.